வழியாத கேன்

செவலை வந்த பிறகுதான் கண்ணாத்தாள் வீட்டு டீயில் பால் விழ ஆரம்பித்தது. அதற்கு முன்னால் பால் இல்லாத வெறும் டீதான். வந்த பிறகும் வீட்டுக்கென்று அரை டம்ளருக்கு மேல் எடுப்பதில்லை. மற்றதெல்லாம் சொசைட்டிக்குப் போய்விடும். அந்த அரை டம்ளருக்கே கண்ணாத்தாள் கொட்டகைப் பக்கம் திரும்பி மாட்டுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் டீயை வாயில் வைப்பாள்.

"எனக்கு ஒரு நாளாவது இப்படிக் கும்பிடு போட்டிருக்கியாடி?" என்பான் புருஷன் வீரையன்.

"நீ பால் கறந்தா போடுறேன்."

வீரையன் நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்கியவன். அடுக்கு மேல் அடுக்காக ஏற்றி ஏற்றி இடுப்பு ஒருநாள் பிடித்துக்கொண்டது, பிறகு விடவேயில்லை. இப்போது மாட்டுக்குப் புல் அறுப்பது, கயிறு திரிப்பது, போகிறவர் வருகிறவரைக் கேலி பேசுவது, இவைதான் அவன் வேலை. கண்ணாத்தாள் நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்க்கொண்டிருந்தாள். ஆனால் கருவேலங்குடிக்கு நடவு மிஷின் வந்துவிட்டது. வேலை குறைந்தது, முழங்கால் வலி மட்டும் குறையவில்லை. ஆக, அந்த வீடு செவலையின் நாலு காலில்தான் நின்றுகொண்டிருந்தது.

செவலைக்கு முன்னால் ஒரு மாடு இருந்தது. கஜா புயலில் தென்னை சாய்ந்து கொட்டகையோடு போனது. மறுநாள் காலையில் கண்ணாத்தாள் பார்த்த அந்தக் காட்சியைப் பற்றி யாரிடமும் பேசினதில்லை. அதற்கப்புறம் வருஷக்கணக்கில் மாடு என்ற பேச்சையே எடுக்கவிடவில்லை. புயலுக்குப் பிறகு ஊர்ப் பால் சொசைட்டியில் மாட்டுக் காப்பு நிதி என்று ஒன்று ஆரம்பித்தார்கள். ஒரு மாட்டுக்கு ஒரு பங்கு, பால் காசில் பிடித்துக்கொள்வார்கள். மாடு செத்துப்போனால் வேறு மாடு வாங்க நிதியிலிருந்து பணம் வரும். நிதியில் சேர்ந்த மாட்டுக்குக் காதில் மஞ்சள் வில்லை ஒன்றைக் குத்துவார்கள். அந்தத் தைரியத்தில்தான் அவள் செவலையை வாங்கினாள். வில்லை குத்திய அன்று வீரையன் சொன்னான்: "நான் உனக்கு வாங்கித் தராத கம்மல் மாட்டுக்கு வந்துருச்சு பாரு."

நிதியில் ஒரு அட்டையும் கொடுத்தார்கள். கண்ணாத்தாள் எழுத்துப் படித்தது தலை நரைத்த பிறகு, பள்ளிக்கூடத்தில் சாயந்திரம் நடந்த வகுப்பில். பக்கத்தில் யாரும் இல்லாமல் அவளாகவே எழுத்துக்கூட்டிப் படித்து முடித்த முதல் காகிதம் அந்த அட்டைதான். கண்ணாத்தாள், வாய்க்கால்தெரு, மாடு ஒன்று, பங்கு ஒன்று. படித்து முடித்தபோது நாற்றங்காலில் ஒரு நாள் முழுக்கக் குனிந்து நிமிர்ந்தது மாதிரி இருந்தது. வலியும் சந்தோஷமும் ஒரே இடத்தில்.

போன கார்த்திகை மழையில் வாய்க்கால் உடைத்துக்கொண்டது. வாய்க்கால்தெருவில் கொட்டகைகளுக்குள் தண்ணீர் நின்றது. மூன்று மாடுகள் செத்தன. வீரையன் செவலையைக் கரைமேல் ஏற்றி, பிடித்துக்கொண்ட இடுப்போடு மழையில் அதன் பக்கத்திலேயே நின்றதால் அது பிழைத்தது. மாட்டை இழந்தவர்களுக்கு நிதி ஒரு குறையும் வைக்காமல் கொடுத்தது. கொடுத்த பிறகு நிதியில் மிஞ்சியது கொஞ்சம்தான்.

அதனால்தான் இந்தப் புரட்டாசியில் சொசைட்டிக் கொட்டகையில் கூட்டம் போட்டார்கள்.

செக்ரட்டரி துரைராசு நேர்மையான மனிதர். பாலில் ஒரு சொட்டு கூட்டியும் எழுதமாட்டார், குறைத்தும் எழுதமாட்டார். அவர் பால் விலை எழுதும் கரும்பலகையைத் துடைத்துவிட்டு நின்றார்.

"இருக்கிறத வச்சு இன்னொரு மழையத் தாங்க முடியாதுங்க. வசூல் கால்பங்கு கூடியே ஆகணும். ஆனா எல்லாருக்கும் ஒரே மாதிரி ஏத்துறது நியாயமா? பெரிய இன்சூரன்ஸ் கம்பெனிக்காரனே ஆபத்து எங்க அதிகமோ அங்க ரேட்ட ஏத்துறான், எங்க கம்மியோ அங்க குறைக்கிறான். நாமளும் அப்படியே செய்வோம்."

பலகையில் எழுதினார். மேட்டுத்தெருவில் ஒரு மாடும் சாகவில்லை. அவர்களுக்கு ஒரு பங்கு என்பது இனி முக்கால். நடுத்தெருவுக்கு அதே ஒன்று. வாய்க்கால்தெருவுக்கு இரண்டு.

"கூட்டிப் பாருங்க. முன்னாடி ஒண்ணு, ஒண்ணு, ஒண்ணு, மூணு. இப்ப முக்கால், ஒண்ணு, ரெண்டு. மூணே முக்கால். மூணுக்கு முக்கால் ஏறினா அது கால்பங்கு ஏத்தம். கணக்கு நேர் ஆயிருச்சு."

எல்லாரும் தலையாட்டினார்கள். யாருக்கும் அதில் ஒரு கோணல் தெரியவில்லை, தெரியவும் நியாயமில்லை. கருவேலங்குடியில் எதுவும் தெருக்கணக்குத்தான். மாரியம்மன் திருவிழாச் செலவு மூன்றாகப் பிரியும். குளம் தூர்வார ஆள் அனுப்புவதும் தெருவுக்கு இத்தனை பேர் என்றுதான். மேட்டுத்தெரு எவ்வளவு நீளம், வாய்க்கால்தெரு எவ்வளவு குட்டை என்று மாரியம்மனும் கேட்டதில்லை.

மேட்டுத்தெரு அரசப்பன் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அந்த ஊரில் அதிக மாடு வைத்திருப்பவர் அவர்தான். வாய்க்கும் குறைவில்லை.

"செக்ரட்டரி, வாய்க்கால்தெரு மாடெல்லாம் நீச்சல் கத்துக்கிச்சுன்னா பாதி ரேட்டு போடுவீங்களா?"

கொட்டகை சிரித்தது. கண்ணாத்தாளும் சிரித்தாள். வேறு என்ன செய்வது? செத்தது அவள் தெரு மாடு. நிதியில் வாங்கித் தின்றதும் அவள் தெரு. எந்த வாயை வைத்துக்கொண்டு எதிர்த்துப் பேசுவாள்? சம்மதிக்கிறவர்கள் கை தூக்குங்கள் என்றபோது அவளும் தூக்கினாள்.

வீட்டுக்கு வரும் வழியில்தான் அது அவளுக்கு உறைத்தது. தவிடு, புண்ணாக்கு போக மிஞ்சுவதில் இரண்டு பங்கைப் பிடித்துக்கொண்டால் வீட்டுக்கு ஒன்றும் நிற்காது. நிதியை விட்டு விலகி, மாட்டை மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் கம்மல் இல்லாத மாட்டை மழைக்காலத்தில் கட்டிவைத்துக்கொண்டு தூங்க அவளால் முடியாது. அந்தத் தென்னை இன்னும் அவள் கண்ணுக்குள் சாய்ந்துகொண்டுதான் இருந்தது.

"வித்துடலாம்" என்றாள் வீரையனிடம். "சினையா இருக்கு. இப்பன்னா நல்ல விலைக்குப் போகும். மழை வர்றதுக்குள்ள குடுத்துட்டா நிம்மதி."

வீரையன் திரித்துக்கொண்டிருந்த கயிற்றைக் கீழே வைத்தான். கேலி பேசவில்லை. அவன் கேலி பேசாமல் இருந்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

தரகர் வந்தார். செவலையின் பல்லைப் பார்த்தார், மடியைத் தொட்டுப் பார்த்தார், திருப்தியாகத் தலையை ஆட்டினார். அந்தப் பக்கத்தில் மாட்டை விற்கிறவர்கள் பழைய கயிற்றோடு கொடுக்கமாட்டார்கள். கயிற்றோடு வீட்டு அதிர்ஷ்டமும் போய்விடும் என்று எண்ணம். அதனால் வாங்குகிறவர்தான் புதுக் கயிறு கொண்டுவரவேண்டும். தரகர் புதுக் கயிறு ஒன்றைக் கொட்டகைத் தூணில் மாட்டிவிட்டு, "வெள்ளிக்கிழமை காலையில வண்டியோட வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். கயிறு மஞ்சளாகப் பளபளவென்று தொங்கியது. செவலை அதை மோந்து பார்த்துவிட்டு வைக்கோலுக்குத் திரும்பிக்கொண்டது.

வியாழக்கிழமை சாயந்திரப் பால் ஊற்றும் நேரத்துக்குக் கண்ணாத்தாள் சொசைட்டிக்குப் போனாள். அவளுக்கு முன்னால் நடுத்தெரு இசைவாணி நின்றுகொண்டிருந்தாள். சென்னையில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்க்கிற பெண். ஆயுத பூசை லீவுக்கு வந்தவள் அம்மாவுக்குப் பதிலாகப் பால் கொண்டுவந்திருந்தாள். அரசப்பன் மோட்டார் பைக்கின் இரண்டு பக்கமும் கேன் மாட்டிக்கொண்டு வந்து இறங்கினார்.

கண்ணாத்தாள் பாலை ஊற்றிவிட்டு, அட்டையை மேஜைமேல் வைத்தாள்.

"என் பேரை எடுத்துடுங்கண்ணே. நாளைக்கு மாடு போவுது."

துரைராசு அட்டையைத் தொடவில்லை. "உங்க தெருவுல நீ மூணாவது ஆளும்மா. இப்படி ஆளாளுக்கு எடுத்துக்கிட்டா எப்படி?"

"ரெண்டு பங்கு தாங்காதுண்ணே. உங்க மேல ஒரு குறையும் இல்ல. நிதி இருந்ததாலதான் இத்தனை நாள் மாடுன்னு ஒண்ணு என் வாசல்ல நின்னுச்சு. அத நான் மறக்கமாட்டேன்."

இசைவாணி கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டத்தில் எழுதியதை யாரும் அழிக்கவில்லை.

"சித்தப்பா, இந்த மூணே முக்கால் எப்படி வந்துச்சு?"

துரைராசு விளக்கினார். அவள் முழுக்கக் கேட்டாள்.

"எந்தத் தெருவுல எத்தனை மாடு இருக்கு?"

"அது எதுக்கும்மா?"

"சும்மா சொல்லுங்களேன்."

துரைராசுவுக்கு அது மனப்பாடம். "மேட்டுத்தெரு நாப்பது. நடுத்தெரு இருபது. வாய்க்கால்தெருவுல இப்ப ஆறு."

இசைவாணி போனில் எதையோ தட்டினாள். நெற்றியைச் சுருக்கி, மறுபடியும் தட்டினாள். "கால்பங்கு ஏறல சித்தப்பா. இருக்கிறதவிட இறங்குது."

அரசப்பன் கேனை இறக்கி வைத்துக்கொண்டே சிரித்தார். "ரேட்ட ரெண்டு மடங்கு ஏத்தியும் இறங்குதா? மெட்ராஸ் தண்ணி குடிச்சா இப்படித்தான். போன்ல எதையாவது மாத்தி அமுக்கியிருப்ப, பாரு."

"இல்ல பெரியப்பா, எங்க ஆபீஸ்ல எனக்கு இதான் வேலை. ஒரு ரேட்ட மாத்தினா ஒவ்வொரு பிரிவும் எவ்வளவு ஏறுது, இறங்குதுன்னு பார்த்தா மட்டும் போதாது. அந்தப் பிரிவுலேர்ந்து மொத்தத்துக்கு எவ்வளவு வருதுன்னும் சேர்த்துப் பார்க்கணும். சதவீதமாச் சொல்லணும்னா..."

"சதவீதமெல்லாம் வேணாம்" என்றார் அரசப்பன். "அது பால் விலையில கைய வைக்கிறவன் பேசுறது."

துரைராசு கோபப்படவில்லை. பலகையைப் பார்த்தார், அந்தப் பெண்ணைப் பார்த்தார், பலகையில் இருக்கும் தன் கையெழுத்தை மறுபடியும் பார்த்தார். சொசைட்டியில் ஒரு வழக்கம் உண்டு. பால் குறைகிறது, கூடுகிறது என்று தகராறு வந்தால் பேசுவதில்லை. இருக்கிறவர்கள் முன்னிலையில் ஊற்றி அளப்பதுதான்.

"ஊத்திப் பாத்துருவோம்" என்றார்.

கழுவிக் கவிழ்த்திருந்த நாற்பது லிட்டர் கேன் ஒன்றை நடுவில் நிமிர்த்தி வைத்தார்கள். குழாயடியிலிருந்து அண்டாவில் தண்ணீர் வந்தது. ஒரு பங்குக்கு அரை லிட்டர் அளவையால் ஒரு அளவை என்று முடிவு. முதலில் பழைய கணக்கு, எல்லா மாட்டுக்கும் ஒவ்வொரு அளவை. துரைராசு வாய்விட்டு எண்ணிக்கொண்டே ஊற்றினார். முடிந்ததும் ஒரு சவுக்குக் குச்சியைக் கேனுக்குள் நேராக விட்டு, நனைந்த இடத்தில் கத்தியால் கீறினார். தண்ணீரைத் தொட்டியில் கொட்டினார்கள். பால் ஊற்ற வந்தவர்கள் ஊற்றிவிட்டுப் போகாமல் நின்றார்கள்.

"இனிமேதான் புதுக் கணக்கு" என்றார் துரைராசு. "கால்பங்கு ஏறினா இந்தக் கேன் கொள்ளாது. வழியும். கண்ணாத்தா, அந்த அன்னக்கூடைய எடுத்துக் கேனுக்கு அடியில வை."

கண்ணாத்தாள் அன்னக்கூடையை, அந்த வாயகன்ற அலுமினியப் பாத்திரத்தை, வைத்து, அதற்குள் கேனைத் தூக்கி வைத்தாள்.

அவரவர் தெருவுக்கு அவரவரே ஊற்றுவது என்று ஆயிற்று. மேட்டுத்தெருவுக்கு அரசப்பன். முக்கால் பங்கு என்பதால் நாலு மாட்டுக்கு மூன்று அளவை. மேட்டுத்தெரு மாடு ஊற்ற ஊற்ற வந்துகொண்டேயிருந்தது. அரசப்பன் நடுவில் ஒருதரம் நிறுத்தி, தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நடுத்தெருவுக்கு இசைவாணி ஊற்றினாள். பிறகு அளவை கண்ணாத்தாள் கைக்கு வந்தது.

மாட்டுக்கு இரண்டு அளவை. அவள் தன் செவலையில் ஆரம்பித்தாள். அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. கை சூடாவதற்குள் முடிந்துவிட்டது. எல்லார் முன்னாலும் தன் தெரு இவ்வளவுதான் என்று நிற்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

"அவ்வளவுதானா?" என்றார் அரசப்பன்.

"அவ்வளவுதாண்ணே."

"ரெண்டு ரெண்டாத்தானே ஊத்தின?"

"நீங்க பாத்துக்கிட்டுத்தானே நின்னீங்க."

கேன் வழியவில்லை. கழுத்துக்குக்கூட வரவில்லை. துரைராசு குச்சியை விட்டு எடுத்தார். பழைய கீறலுக்கு இரண்டு விரல்கடை கீழேதான் ஈரம் இருந்தது. அவர் குச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு குனிந்து அன்னக்கூடையைப் பார்த்தார். அது காய்ந்து கிடந்தது.

"மூணே முக்கால்னு எழுதியிருக்கேனே" என்றார், பலகையிடம் கேட்பதுபோல.

"நீங்க தெருவைக் கூட்டினீங்க சித்தப்பா. பால் ஊத்துறது தெரு இல்லையே, மாடு. மேட்டுத்தெருவுல காலைக் குறைச்சப்ப பத்து அளவை போயிருச்சு. வாய்க்கால்தெருவுல ரெண்டு மடங்கு ஏத்தினீங்க, வந்தது ஆறு அளவை. பத்து போயி ஆறு வந்தா எப்படி ஏறும்?"

துரைராசு மெதுவாக முக்காலியில் உட்கார்ந்தார்.

"இன்னொண்ணும் இருக்கு" என்றாள் இசைவாணி. "இது ஆறு மாடும் நின்னா. கண்ணாத்தா அத்தை, நாளைக்கு உங்க மாடு போவுதுல்ல? உங்க ரெண்டு அளவைய திருப்பி மொண்டுடுங்க. விலகப்போறோம்னு சொன்ன மத்த ரெண்டு வீட்டோடதையும்."

கண்ணாத்தாள் கேனுக்குள் கையை விட்டாள். தண்ணீர் குளிர்ந்து கிடந்தது. ஒரு அளவை மொண்டு அண்டாவில் ஊற்றினாள். இரண்டாவதை மொண்டாள். அது வெறும் தண்ணீர்தான் என்று தெரியும். இருந்தாலும் செவலையை அவிழ்த்து வண்டியில் ஏற்றுகிற மாதிரியே இருந்தது. அவள் அளவையை அண்டாப் பக்கம் மெதுவாகத் திருப்பினாள்.

அரசப்பன் எட்டி அளவையின் காம்பைப் பிடித்துக்கொண்டார்.

"விடு தங்கச்சி. திரும்ப ஊத்து."

அவள் அளவையையும் அவர் கையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஊத்துங்கிறேன்ல. ஆறு அளவைத் தண்ணிக்காகவா இவ்வளவு பேச்சுப் பேசி இந்த மாட்டையெல்லாம் ஊரவிட்டு வெரட்டப் பாத்தோம்?" என்றவர் இசைவாணியிடம் திரும்பினார். "சரி, நீ சொல்லு. இதே முக்கால், ஒண்ணு, ரெண்டுன்னு வச்சுக்கிட்டே கால்பங்கு ஏத்த முடியாதா?"

"முடியும். அதுக்கு எல்லார் ரேட்டையும் இன்னும் மூணுல ஒரு பங்கு ஏத்தணும். அப்ப உங்க முக்கால் திரும்பவும் ஒண்ணு ஆயிடும்."

"அப்ப எனக்குக் குறைச்சது எங்க போச்சு?"

"எங்கயும் போகல பெரியப்பா. அது இருந்ததே இல்ல."

அரசப்பன் கேனுக்குள் எட்டிப் பார்த்து யோசித்தார். அவர் யோசித்து அந்த ஊர் அதிகம் பார்த்ததில்லை. "அந்த மூணு மாடு எதனால செத்துச்சு? வாய்க்கால்தெருவுல பொறந்ததாலயா? தண்ணியில நின்னதால. என் வைக்கோல் கொட்டாய் மேட்டுல சும்மாதான் கிடக்கு. மழை அறிவிப்பு வந்தா ஆறையும் ஓட்டியாந்து அங்க கட்டுங்க. மழை விட்டதும் ஓட்டிக்கிட்டுப் போங்க. அப்புறம் அதுகளும் மேட்டுத்தெரு மாடுதானே. அதுக்கு எதுக்கு ரெண்டு பங்கு?"

"அப்படின்னா எல்லாருக்கும் ஒரே ரேட்டு, எல்லாருக்கும் ஒரே மாதிரி கால்பங்கு ஏத்தம். ஒண்ணேகால்" என்றாள் இசைவாணி. "கேன் வழியும்."

"உங்களுக்கும் ஏறும்ணே" என்றார் துரைராசு. "முக்காலா இருந்தது ஒண்ணேகாலாயிடும். உங்க தெரு ஒத்துக்குமா?"

"ஞாயித்துக்கிழமை திரும்பக் கூட்டம் போடுங்க. கேனும் இருக்கட்டும், குச்சியும் இருக்கட்டும்."

கண்ணாத்தாள் மொண்டதைத் திரும்பக் கேனில் ஊற்றினாள். மேஜைமேல் கிடந்த அட்டையைத் துரைராசு எடுத்து அவள் கையில் வைத்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் தரகர் வண்டியோடு வந்து நின்றார். கூட்டம் ஞாயிற்றுக்கிழமை. நாற்பது மாடு வைத்திருக்கிற ஒரு தெரு தனக்குக் குறைந்ததை வேண்டாமென்று சொல்லி, கூடுதலாகவும் கொடுக்குமா? சொன்னது அரசப்பன் ஒருத்தர் வாய். நேற்றுவரை அவளைக் கேலி பேசிய வாய். இரவெல்லாம் அவள் இதையே புரட்டிக்கொண்டு கிடந்தாள். ஆனால் அளவையைப் பிடித்துக்கொண்ட அந்தக் கையை நினைத்தபோதெல்லாம் மனசு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. அவள் தூணிலிருந்த புதுக் கயிற்றை எடுத்துத் தரகரிடம் நீட்டினாள்.

"மன்னிச்சுக்கங்க. விக்கல."

"வண்டி வாடகை யாரும்மா குடுக்கிறது?" என்று முனகிய தரகர், "கூட்டத்துல கவுத்துட்டாங்கன்னா அப்ப வந்து நிப்பீங்க. இந்த விலை இருக்காது" என்றார்.

"கவுத்துட்டா நானே உங்களைத் தேடி வர்றேன்."

"டீ குடிச்சுட்டுப் போங்க. மாடு இருக்கிற வீட்டு டீ" என்றான் வீரையன். அந்தக் குரலில் கேலி திரும்பி வந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கொட்டகை நிறைந்துவிட்டது. துரைராசு எழுந்து, "போன தடவை நான் போட்ட கணக்கு தப்பு. கோயில் வரி மாதிரி போட்டுட்டேன்" என்று சுருக்கமாகச் சொல்லி, எல்லார் முன்னாலும் மறுபடி ஊற்றிக் காட்டினார். வழியாத கேனைச் சுற்றி நின்று எட்டி எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தன் கேனில் ஓட்டை இருக்கிறதா என்றுகூடத் தடவிப் பார்த்தான்.

மேட்டுத்தெருவில் முணுமுணுப்பு இல்லாமல் இல்லை. "நம்ம தெருவுல ஒரு மாடுகூட சாகல. நமக்கு ஏன் ஏறணும்?" என்றான் ராஜ்குமார் என்கிற இளவட்டம்.

அரசப்பன் எழுந்தார். "கஜாவுல எந்தத் தெரு மாடு அதிகமாச் செத்துச்சு, சொல்லு. நம்ம தெரு. மேட்டுலதான் காத்து தாக்குச்சு. அன்னிக்கு என் கொட்டாய்த் தகரத்துக்கு அடியில கிடந்த மாட்டை இழுத்துவிட்டது யாரு? இடுப்பு நல்லா இருந்த வீரையனும் அவன் தெரு ஆளுங்களும். அன்னிக்குச் செத்ததுல அவன் மாடும் ஒண்ணு. அதப் போட்டுட்டு வந்துதான் என் மாட்ட இழுத்தான். இந்த வருஷம் காத்து வருதா தண்ணி வருதான்னு உனக்கு எவன் வந்து சொன்னான்?"

ராஜ்குமார் உட்கார்ந்தான். கண்ணாத்தாளுக்கு அது தெரியாது. புயலுக்கு மறுநாள் அவள் செத்த மாட்டின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். வீரையன் எங்கே போனான், எப்போது வந்தான் என்று அவள் கேட்கவேயில்லை. இப்போது திரும்பி அவனைப் பார்த்தாள். அவன் கூரையில் எதையோ தேடுவதுபோல மேலே பார்த்துக்கொண்டிருந்தான்.

புதுக் கணக்கை ஊற்றினார்கள். நாலு மாட்டுக்கு ஐந்து அளவை. மேட்டுத்தெரு ஊற்றி முடித்தது. நடுத்தெரு ஊற்றி முடித்தது. தண்ணீர் கேனின் கழுத்துக்கு ஏறி நின்றது, ஆனால் வழியவில்லை. கண்ணாத்தாள் தன் தெருவுக்கு ஊற்ற ஆரம்பித்தாள். கடைசி அளவையைச் சாய்த்தபோது கேனின் விளிம்பில் தண்ணீர் உருண்டு நின்று, நின்று, பிறகு அன்னக்கூடைக்குள் சளசளவென்று இறங்கியது. யார் முதலில் கை தூக்கினார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் கையில் அளவை இருந்ததால் அவளால் தூக்க முடியவில்லை.

ஐப்பசி கடைசியில் மழை அறிவிப்பு வந்தது. ஆறு மாடுகளும் வரிசையாக மேட்டுத்தெரு ஏறின. செவலை வயிற்றைத் தூக்கிக்கொண்டு கடைசியாக, தன் பழைய கயிற்றில் நடந்தது. அரசப்பன் கொட்டகை வாசலில் குடையோடு நின்றுகொண்டு திட்டினார்.

"சாணியை அவங்கவங்க அள்ளிடணும். வைக்கோல் அந்தப் பக்கப் போர்லேர்ந்துதான் எடுக்கணும், இந்தப் பக்கம் தொடக்கூடாது. ஏய், அந்தக் கொம்பு மாட்ட ஓரமாக் கட்டுங்கப்பா."

மழை கொட்டியது. வாய்க்கால்தெருவில் தண்ணீர் வந்தது, நின்றது, வடிந்தது. வடிந்த அன்று காலையில், நல்ல வெளிச்சத்தில், செவலை அரசப்பன் கொட்டகையிலேயே கன்று போட்டது. கிடாரிக் கன்று, நெற்றியில் வெள்ளைப் பொட்டு.

கண்ணாத்தாள் அங்கேயே அடுப்பு மூட்டி, வெல்லமும் ஏலக்காயும் போட்டுச் சீம்பால் காய்ச்சினாள். நடுத்தெருவில் இசைவாணியின் அம்மாவுக்கும் துரைராசு வீட்டுக்கும் தனித்தனியாக எடுத்து வைத்தாள். முதல் கிண்ணத்தை அரசப்பனிடம் கொடுத்தாள்.

"எனக்குச் சுகர் இருக்கு. ஒரு வாய்தான்" என்றார். கிண்ணம் காலியாகத் திரும்பி வந்தது.

"இனிமே உங்க தெருவுக்கு ஆறுன்னு எழுத முடியாது. குட்டி வளர்ந்தா ஏழு. கம்மல் போட்டுடுங்க" என்றார் வாயைத் துடைத்துக்கொண்டே.

கண்ணாத்தாளுக்கு ஏதாவது சொல்லவேண்டும்போல இருந்தது. வகுப்பில் கற்றுக்கொண்ட வார்த்தைகளில் அதற்கு ஒன்று உண்டு. அது வாயில் வரவில்லை. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"என்ன இது? நான் என்ன மாரியாத்தாவா?" என்று பதறினார் அரசப்பன்.

கன்றைத் துடைத்துக்கொண்டிருந்த வீரையன் தலையைத் தூக்கினான்.

"ஏத்துக்கங்கண்ணே. இவ பால் கறக்கிற மாட்டுக்கு மட்டுந்தான் கும்பிடு போடுவா. எனக்கே இன்னும் போட்டதில்ல."

கண்ணாத்தாள் திரும்பி அவனைப் பார்த்தாள். பிறகு இன்னொரு கிண்ணத்தில் சீம்பாலை நிறைய ஊற்றிக்கொண்டு அவனிடம் போனாள். கொடுப்பதற்கு முன்னால், கிண்ணம் இரண்டு கைக்குள்ளும் இருந்ததால், தலையை மட்டும் கொஞ்சம் தாழ்த்தினாள்.